மரத்தடியில் விரித்த துணி

மாலையில் அவள் வீடு திரும்பும்போது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டார். "துணி எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா என்று கேட்கிற கணவன்மாரும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். இவருக்குத் துணியைப் பற்றி மட்டும்தான் கேட்கத் தெரியும். அவளுக்கு அதில் மனக்குறை கிடையாது. அந்தக் கேள்விக்குள் அவருடைய மூச்சு இருந்தது.

அது என்ன துணி என்றால், பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு. வனத்துறைக்குச் சொந்தமான ஓக் மரக் காட்டில், ஒரு மரம் விட்டு ஒரு மரம், அடியில் அதை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருப்பார்கள். தளிர் விடும் காலத்தில் மேலே இலையெல்லாம் பச்சைப்புழு. தின்பதும் கழிப்பதும் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. அந்தக் கழிவு கறுப்பு ரவை மாதிரி உதிர்ந்து துணியில் விழும். மேலே ஏறிப் புழுவை எண்ண முடியாது. கீழே துணியைப் பார்த்தால் போதும். நிறைய விழுந்திருந்தால் நிறையப் புழு. துணி சுத்தமாக இருந்தால் புழு இல்லை. புழு மும்முரமாகத் தின்னும் நாட்களில் காட்டுக்குள் நின்றால் தூறல் போடுகிற சத்தம் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் கையை நீட்டிப் பார்ப்பார்கள், மழையா என்று. என்ன மழை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

குடியிருப்பில் அவரை மருந்துக்காரர் என்பார்கள். மருந்து என்றால் குணமாக்குகிற மருந்து இல்லை, பூச்சி மருந்து. வாலிபத்திலிருந்தே மெஷினைத் தோளில் கட்டிக்கொண்டு, நீண்ட குழாயை மேலே நீட்டி, மரம் மரமாக அடித்தவர். முகமூடி கொடுத்தார்கள், அதைப் போட்டால் வியர்க்கிறது என்று நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அடித்தார். கூட இருந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான். கடைசியில் மூச்சு பழுதாகிவிட்டது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடிப்பார். விரல்களில் ஒரு நடுக்கம் வந்து குடியேறிவிட்டது. டாக்டர் நல்ல மனுஷன், அதனாலேயே கோபக்காரர். "இன்னொரு தடவை மெஷினைத் தூக்கினா, அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க. நான் பாக்க மாட்டேன்" என்று கத்தி அனுப்பினார்.

டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும்; வீடு துறையினுடையது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்த அந்த நாட்களில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பட்டாணிக்குருவி மரப்பொந்தில்தான் கூடு கட்டும். இந்தக் காட்டிலோ பொந்து விழுந்த மரத்தையெல்லாம் சீக்கு மரம் என்று வெட்டிவிட்டார்கள். பொந்துக்குப் பதிலாகப் பெட்டி வைத்தால் என்ன? குஞ்சு பொரித்துவிட்டால் அந்தக் கையளவு குருவி விடிந்ததிலிருந்து அடைகிறவரை புழு பொறுக்கும். குருவி தின்றால் மருந்து எதற்கு? மருந்து இல்லையென்றால் இவர் எதற்கு மெஷினைத் தூக்க வேண்டும்?

ரேஞ்சரிடம் போய்ச் சொன்னாள். ரேஞ்சர் என்கிறவர் மோசமானவர் இல்லை, தயங்குகிறவர். ஒரு வாரம் கன்னத்தைச் சொறிந்துவிட்டு, "மேற்குப் பக்கம் மட்டும் செஞ்சு பாருங்கம்மா. மிச்சத்துக்கு மருந்து லாரியிலிருந்து அடிச்சுக்கலாம்" என்றார். மேற்குப் பக்கம் மேடும் பள்ளமும். லாரி போகாது, தோள்தான் போகவேண்டும். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பழைய பலகைகளை அறுத்துப் பெட்டி செய்தார். நடுங்குகிற கையால் செய்த பெட்டிகள், ஒன்றாவது நேராக இருக்காது. அவருடைய அக்கா, அவர்களோடேயே இருப்பவள், வாய் ஓயாதவள், "குருவிக்கு வீடு கட்டறியா, இல்ல அதைக் கவுக்கறதுக்குப் பொறி வைக்கிறியா?" என்று கேட்டாள். ஆனாலும் குருவிகள் வந்தன. கோணல் வீடு என்று ஒரு குருவியும் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் பெட்டியம்மா ஆனாள். பெட்டியம்மாவுக்குத் துறையில் ஒரு வேலையும் போட்டுக் கொடுத்தார்கள்.

சில வருடங்கள் எல்லாம் சொன்னபடி நடந்தது. தளிர் விடும், தூறல் ஆரம்பிக்கும், துணி கறுக்கும், பெட்டிக்குள் குஞ்சு கத்தும், தாயும் தகப்பனும் வாயில் புழுவோடு பறப்பார்கள், பிறகு துணி வெளுக்கும். "துணி எப்படி இருக்கு?" "சுத்தமா இருக்கு." அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் ஒரு பெருமூச்சு விடுவார், இருமல் வராத பெருமூச்சு. அன்றைக்கு அக்கா எதையாவது இனிப்பாகக் கிளறுவாள்.

அப்புறம் அந்தக் குளிர்காலம் வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு. ஜன்னலில் பனி பூக்கவில்லை. குழாயில் தண்ணீர் உறையவில்லை. அக்கா தடித்த கம்பளியை இரண்டு தடவை பிரித்து இரண்டு தடவை மடித்து வைத்துவிட்டு, "என்ன குளிர் இது, வெக்கமில்லாம வேர்க்குது" என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். அவருக்கும் மூச்சு லேசாக இருந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள், அதில் என்ன இருக்கிறது, கணவன் இருமாமல் தூங்கினால் எந்தப் பெண்தான் சந்தோஷப்படமாட்டாள்?

ஓக் மரங்கள் அவசரப்பட்டுத் தளிர்விட்டன. தளிருக்காகவே காத்திருந்த மாதிரி முட்டையிலிருந்து புழுக்கள் வந்தன. ஒரு நாள் காலையில் அவள் மேற்குப் பக்கம் போனபோது தூறல் சத்தம் கேட்டது. இத்தனை சீக்கிரமா என்று துணிக்கு ஓடினாள். கறுத்திருந்தது. அடுத்த வாரம் அதைவிடக் கறுத்தது. நடந்துபோனால் தலைமுடிக்குள் உதிர்ந்தது.

ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். துணியைப் பார்த்தார், கன்னத்தைச் சொறிந்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு விழுது? மருந்து இப்பவே அடிச்சாத்தான் உண்டு. புழு பெருசாயிட்டா அப்புறம் அடிச்சும் பிரயோஜனமில்ல."

"யாரு சார் அடிக்கிறது?"

யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். எதிர்மரத்துப் பெட்டியில் ஆண்குருவி வந்து உட்கார்ந்தது. வாயில் பச்சைப்புழு. ஓட்டைக்குள் தலையை விட்டது, வெளியே எடுத்தபோது வாய் காலி. பறந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு புழுவோடு வந்தது.

"பாத்தீங்களா சார்! ஊட்ட ஆரம்பிச்சாச்சு. புழு முந்திக்கிச்சு, குருவியும் முந்திக்கிச்சு. ரெண்டு வாரம் குடுங்க. துணி வெளுக்கலைன்னா அப்புறம் நீங்க சொல்றதைச் செய்யறோம்."

பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். திறக்கக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். குருவி அடைகாக்கிற காலத்தில் பெட்டி மூடியைத் தூக்கினால் சில தாய்கள் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். ஏணியோடு வருகிற ஆட்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தே உள்ளே நடப்பது தெரியவேண்டும், அதுதான் தொழில் என்பாள். தகப்பன் புழுவோடு உள்ளே தலையை விட்டால் குஞ்சு பொரித்தாயிற்று என்று அர்த்தம். அப்படித்தான் அவள் அர்த்தம் பண்ணினாள். அடைகாக்கிற தாய்க்கும் தகப்பன்தான் ஊட்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்தது எல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வந்துவிடுமா? அவள் மனசு முழுக்க அவர் தோளில் ஏறப்போகிற மெஷின் இருந்தது.

ரேஞ்சர் சரி என்று போனார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. துணி வெளுத்தது. சும்மா வெளுக்கவில்லை, துவைத்துப் போட்ட மாதிரி வெளுத்தது. அவள் ஒவ்வொரு மரமாக ஓடி ஓடிப் பார்த்தாள். அத்தனை துணியும் சுத்தம். வீட்டுக்கு அரக்கப்பரக்க வந்தாள். வாசற்படிக்கு வருவதற்கு முன்னாலேயே, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, தெருவிலிருந்தே கத்தினாள்.

"சுத்தமா இருக்குங்க!"

அன்றைக்கு அக்கா இனிப்புக் கிளறினாள். அவர் மெஷினை எடுத்து, துடைத்து, ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, பரண் மேல் ஏற்றச் சொன்னார். "இனிமே இதுக்கும் ஓய்வு" என்றார். ரேஞ்சருக்கும் தகவல் போயிற்று. அவர் நிம்மதியாகக் கன்னத்தைச் சொறிந்திருப்பார்.

துணியைப் பார்த்தவள் ஒரு தரம் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்திருக்கலாம். மேலே இலைகள் சல்லடையாகியிருந்தன. வழக்கத்தைவிட வெளிச்சம் அதிகமாகக் கீழே விழுந்தது. அதை அவள் நல்ல வெயில் என்று நினைத்துக்கொண்டாள். புழுக்கள் தின்று முடித்து, கொழுத்து, நூல் விட்டு இறங்கி, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகச் சுருண்டுவிட்டன. அவற்றை யாரும் தின்னவில்லை. தின்ன வேண்டியவர்கள் அப்போது முட்டைக்குள் இருந்தார்கள்.

மரத்துக்கும் புழுவுக்கும் வெப்பம்தான் கடிகாரம். வெயில் தட்டினால் எழுந்துவிடும். பட்டாணிக்குருவிக்குப் பகல் நீள்கிற கணக்கு. வெயில் சூடு கொஞ்சம் அதையும் உந்தும், ஆனால் அவ்வளவு தூரம் உந்தாது. இத்தனை காலமும் இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டின. அந்த வருடம் காட்டவில்லை.

குஞ்சு கத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டபோது, முதலில் அவளுக்குப் புரியவில்லை. முதல் குஞ்சுகள் பறந்துபோய், இது இரண்டாம் ஈடாக இருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் ஒரு தாய்க்குருவி ஓட்டை வாசலில் வந்து உட்கார்ந்தது. வாயில் புழு இல்லை. ஒரு சிலந்தி, அதுவும் காலெல்லாம் இருந்தால்தானே சிலந்தி என்று சொல்ல முடியும். அதை உள்ளே கொடுத்துவிட்டு வந்து கிளையில் நின்றது. எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போட்ட சட்டத்தை அவளே மீறினாள். ஏணியை வைத்து மூடியைத் தூக்கினாள். முதல் பெட்டியில் எல்லாம் முடிந்திருந்தது. பாசியும் முடியும் வைத்துக் கட்டிய மெத்தையில், இறகு முளைக்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று வாயைத் திறந்தபடியே கிடந்தன. இரண்டாவது பெட்டியில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அவள் நிழல் பட்டதும் தாய் என்று நினைத்து வாயைப் பிளந்தது. அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவள் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சமையலறைக்குள் போய், அலமாரியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். மறந்து கிடந்த பழைய மாவு, உள்ளே புழு நெளிந்தது. வேறு நாளாக இருந்தால் அதை யார் கண்ணிலும் படாமல் கொட்டியிருப்பாள்.

"இந்தா, எடுத்துட்டுப் போ. என் மானம் போனாலும் பரவாயில்ல" என்றாள்.

அந்த வாரம் மூன்று பேரும் மேற்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள். பக்கத்து வீடுகளில் மாவு டப்பா, தவிட்டு மூட்டை எல்லாம் கேட்டு வாங்கினார்கள். அட்டைக் கிண்ணங்களில் புழுவைப் போட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு மரத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நீங்க வீட்டுக்குப் போங்களேன்" என்றாள். "என் பெட்டிடீ அதெல்லாம்" என்றார். சில குஞ்சுகள் பிழைத்தன. பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஒரு காட்டையே ஒரு சமையலறை எப்படி ஊட்ட முடியும்?

கோடையில் அந்துப்பூச்சிகள் வந்தன. மண்ணுக்குள் போனதெல்லாம் சிறகோடு வெளியே வந்தது. தெரு விளக்குகளைச் சுற்றி மொய்த்தது, கதவிடுக்கில் நுழைந்தது, அக்காவின் குழம்பில் விழுந்தது. ஒவ்வொன்றும் கிளை நுனியில் முட்டை வைத்துவிட்டுத்தான் செத்தது. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். சல்லடையாகிப்போன மரம் மறுபடி தழைத்தது, ஆனால் நோஞ்சானாகத் தழைத்தது. இன்னொரு வருடம் இப்படித் தின்னக் கொடுத்தால் பட்டையில் வண்டு விழும், மரம் பட்டுப்போகும், வெட்டத்தான் வேண்டும்.

ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருக்கும். அவர் திட்டவில்லை.

"உங்க பேச்சைக் கேட்டேன்மா. உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது, எனக்கும் அதைக் கேக்கணும்னுதான் இருந்துச்சு. அடுத்த தளிருக்கு மேற்குப் பக்கம் முழுக்க மருந்து. தோள் மெஷின்தான். அவரை வரச் சொல்லுங்க."

"அவர் வந்தா திரும்பி வரமாட்டார் சார்."

"எனக்குத் தெரியாதா? வேற ஆள் இல்லையே. அந்த வேலைக்கு இப்ப எவன் வர்றான்?"

"நான் அடிக்கிறேன். என் பேரைப் போடுங்க."

ரேஞ்சர் கன்னத்துக்குக் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்தினார்.

வீட்டில் பெரிய ரகளை ஆயிற்று. அவர் கத்தினார், கத்தி முடிக்க மூச்சில்லாமல் இருமினார், இருமி முடித்துவிட்டு மறுபடி கத்தினார். "நான் செத்தாலும் பரவாயில்ல, நீ அதைத் தொடக்கூடாது." அக்காதான் கடைசியில், "நீ செத்தா உனக்குப் பரவாயில்லடா. எங்களுக்கு?" என்றாள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறு குளிர்காலமும் குளிரவில்லை. தளிர் விடுவதற்கு முன்னாலேயே அவளும் அவரும் ஏணியோடு போய்ப் பெட்டிகளைக் கழற்றினார்கள். மருந்தடித்த காட்டில் குஞ்சு பொரித்தால் அதுவும் பட்டினிதான். வராமலே இருக்கட்டும் என்றுதான். ஒவ்வொரு பெட்டியையும் அவள் ஆணியிலிருந்து தூக்கிக் கீழே நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துப் பழைய மெத்தையைக் கிண்டி எடுத்தார். கோணல் பெட்டிகள். ஒன்றின் மூடி எப்போதுமே சரியாகப் பொருந்தாது. அதை இரண்டு மூன்று தடவை பொருத்திப் பார்த்துவிட்டு அடுக்கினார். கொல்லைச் சுவர் ஓரமாக அவை நெஞ்சு உயரத்துக்கு நின்றன.

மருந்தடிக்கிற நாள் வந்தது. பரண் மேலிருந்து சாக்கை இறக்கினார்கள். அவர்தான் மெஷினை அவள் தோளில் ஏற்றினார். வார்களை இழுத்துக் கட்டினார். விரல் நடுங்கியதால் கொக்கி பல தடவை தவறியது. அவள் உதவிக்குக் கை நீட்டினாள், தட்டிவிட்டார். முகமூடியை மாட்டி, தாடைக்குக் கீழே விரலை விட்டு இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"வேர்த்தாலும் கழட்டாத. அரிச்சாலும் கழட்டாத. என்னை நினைச்சுக்கோ."

"உங்களைத்தானே நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். முகமூடிக்குள்ளிருந்து சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

மேற்குப் பக்கத்தில் தூறல் ஆரம்பித்திருந்தது. துணியில் பொடிப்பொடியாகக் கறுப்பு. புழு இன்னும் சின்னது, அடிக்கச் சரியான சமயம். அவள் மெஷினைக் கிளப்பப்போன நேரத்தில் ஒரு பட்டாணிக்குருவி பறந்து வந்தது. வாயில் ஒரு கொத்துப் பாசி. போன வருடம் பெட்டி இருந்த மரத்துக்கு நேராக வந்து, பெட்டி இருந்த உயரத்தில், ஒன்றுமில்லாத அடிமரத்தில் மோதுகிற மாதிரி வந்து நின்றது. நகத்தால் பட்டையைப் பற்றிக்கொண்டு ஆணியைக் கொத்திப் பார்த்தது. பறந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தது. தப்பான மரத்துக்கு வந்துவிட்டோம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்து மரத்தில் பார்த்தது, அதற்கடுத்ததில் பார்த்தது, திரும்பி வந்தது. பாசியை மட்டும் விடவில்லை.

அவள் காத்திருந்தாள். போ, போ என்று கையை வீசினாள். அது எட்டத்தில் போய் உட்கார்ந்து அவளையே பார்த்தது. அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. மெஷினைக் கிளப்பினாள். வெள்ளையாக மருந்து மேலே போயிற்று.

பொழுது சாயும்வரை அடித்தாள். முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது, கழற்றவில்லை. எல்லாம் முடிந்து மெஷினை நிறுத்தியபோது காட்டில் சத்தமே இல்லை. தூறல் நின்றுபோயிருந்தது. சுருண்டு செத்து விழுந்த புழுக்களையெல்லாம் துணியிலிருந்து உதறிக் கொட்டிவிட்டு, புதுத் துணியாக விரித்து, கல் வைத்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தாள். மேலிருந்து ஒன்றும் விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோப்பும் வெந்நீர் வாளியும் வைத்திருந்தார். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எதையெதையோ கேட்க வாயெடுத்தார், இத்தனை வருடப் பழக்கத்தில் அதுவே வந்துவிட்டது.

"துணி எப்படி இருக்கு?"

கேட்டதுமே தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் முகமூடியைக் கழற்றினாள். கன்னத்தில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"சுத்தமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.